இணையவழிச் சுகாதார அறிவும் மாணவர் நலப் பழக்கங்களும்

நாட்டின் உயர் கல்வி நிலையங்களில் 2021-22ஆம் கல்வியாண்டில் பயின்ற மாணவ மாணவியரின் எண்ணிக்கை 4.33 கோடி என்றும், அவர்களுள் 2.07 கோடிப் பேர் பெண்கள் என்றும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர் கல்வி ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயதைக் கடந்து இளமைப் பருவத்தின் வாயிலில் நிற்பவர்கள். எதை உண்பது, எப்போது உறங்குவது, உடல்நலம் குன்றினால் யாரை அணுகுவது என்பனவற்றை இவர்கள் முதன்முறையாகத் தாமே முடிவு செய்கின்றனர். இப்பருவத்தில் படியும் பழக்கங்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன. நாற்பது வயதில் தோன்றும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வித்து இருபது வயதிலேயே ஊன்றப்படுவதுண்டு.

முன்னாளில் உடல்நலம் பற்றி ஐயம் எழுந்தால் வீட்டுப் பெரியவர்களையோ, குடும்ப மருத்துவரையோ கேட்பது வழக்கம். இன்றைய மாணவர் முதலில் நாடுவது கைப்பேசியைத்தான். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான விடைகள் அவர் முன் குவிகின்றன. ஆகவே, செய்தி கிடைக்கவில்லை என்ற குறை பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் கிடைத்த செய்தியைச் சீர்தூக்கிப் பார்க்கும் திறனும், சரியென்று கண்டதைக் கடைப்பிடிக்கும் வாய்ப்பும் அதே வேகத்தில் வளர்ந்துள்ளனவா? மாணவர்களின் உடல்நலத்தில் அக்கறை கொண்ட கல்வித் துறையினரும் சுகாதாரத் துறையினரும் ஆராய வேண்டிய கேள்வி இதுவே.

சுகாதார எழுத்தறிவு

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மருந்துச் சீட்டின் பொருள் விளங்கும் என்று சொல்ல முடியாது. உடல்நலம் பற்றிய செய்திகளைத் தேடிப் பெற்று, புரிந்துகொண்டு, அவற்றின் தரத்தை ஆராய்ந்து, தம் வாழ்வில் பயன்படுத்தும் ஆற்றலே 'சுகாதார எழுத்தறிவு' எனப்படுகிறது. இச்சொல் 1974ஆம் ஆண்டிலிருந்து கல்வியாளர்களிடையே வழங்கி வருகிறது. பொதுச் சுகாதார அறிஞர் டான் நட்பீம் 2000ஆம் ஆண்டில் இதனை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். மருந்துச் சீட்டையும் அறிவுரைகளையும் படித்துப் புரிந்துகொள்வது முதற்படி. மருத்துவரிடமும் பிறரிடமும் கேட்டுத் தெளிந்து புதிய சூழ்நிலைக்கேற்ப நடப்பது இரண்டாம் படி. செய்தியை ஆராய்ந்து ஏற்கவோ தள்ளவோ செய்வது மூன்றாம் படி.

இணையம் பரவியபின் இத்திறனுக்குப் புதியதொரு கிளை தோன்றியது. கனடா நாட்டு ஆய்வாளர்களான கேமரன் நார்மன், ஹார்வி ஸ்கின்னர் ஆகியோர் 2006ஆம் ஆண்டில் இணையவழிச் சுகாதார எழுத்தறிவுக்கு ஆறு அடிப்படைத் திறன்கள் தேவை என விளக்கினர். படிப்பறிவு, செய்திகளைத் தேடும் அறிவு, ஊடகங்களை ஆராயும் அறிவு, உடல்நல அறிவு, கணினி அறிவு, அறிவியல் அறிவு என்பன அவை. அல்லி மலரின் ஆறு இதழ்களைப் போல இவற்றை அவர்கள் வரைந்து காட்டினர். ஓர் இதழ் வாடினாலும் மலரின் நிறைவு கெடும் என்பது கருத்து. கைப்பேசியைக் கையாள்வதில் வல்லவரான மாணவர் இவற்றுள் ஒன்றில் மட்டுமே வல்லவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இதே அறிஞர்கள் அமைத்த எட்டு வினாக்கள் கொண்ட அளவுகோல் பல நாடுகளில் மாணவர்களிடையே பயன்படுத்தப்பட்டு வருகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் குறைந்தது 8, கூடியது 40. இதில் ஒரு வரம்பு உண்டு. "நல்ல செய்தியையும் தரமற்ற செய்தியையும் பிரித்தறிய எனக்குத் தெரியும்" என்பது போன்ற கூற்றுகளை மாணவர் எவ்வளவு ஏற்கிறார் என்றே அது கேட்கிறது. அதாவது, அது அளப்பது மாணவரின் தன்னம்பிக்கையை. நேரடியாகத் திறமையை அன்று. தவறான செய்தியை உறுதியாக நம்பும் ஒருவரும் இதில் உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடும். எனவே, இத்தகைய கணக்கெடுப்பின் முடிவை மட்டும் கொண்டு ஒரு கல்லூரியின் நிலையை மதிப்பிடுவது முறையாகாது.

செய்திகள் வரிசைப்படும் விதம்

நூலகத்தில் நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுகின்றன. இணையத்தில் செய்திகள் அவ்வாறு அடுக்கப்படுவதில்லை. தேடுபொறியில் முதலில் தோன்றும் சில முடிவுகள் கட்டணம் செலுத்தி இடம்பெற்ற விளம்பரங்களாக இருக்கலாம். 'விளம்பரம்' என்ற சிறிய குறிப்பு அவற்றுடன் இருந்தபோதிலும் அவசரத்தில் அது கண்ணில் படுவதில்லை. சமூக ஊடகங்களிலோ, பயனர் எதை அதிக நேரம் பார்க்கிறார் என்பதைக் கணக்கிட்டு, அதே போன்ற காணொளிகளைக் கணினி நிரல் மேலும் மேலும் முன்வைக்கிறது. உடல் எடை குறைப்பது பற்றி ஒரு காணொளி பார்த்த மாணவிக்கு, பட்டினி கிடப்பதைப் புகழும் காணொளிகள் அடுத்தடுத்து வந்து சேரலாம். பலமுறை கண்ட செய்தி உண்மை போலத் தோன்றுவது மனித இயல்பு. வரிசையில் முதலிடம் பெற்றது உண்மையிலும் முதலிடம் பெற்றது என்று கொள்வதற்கில்லை.

அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு உரையாடு கருவிகளும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளன. இவை தெளிவான நடையில் விடை தருகின்றன. ஐயங்களை எளிமையாக விளக்குவதில் உதவவும் செய்கின்றன. ஆனால் தவறான செய்தியையும் அதே தெளிவுடனும் உறுதியுடனும் கூறிவிடுவதுண்டு. நோயாளியின் நாடியையோ கண்ணிமையையோ இவை பார்ப்பதில்லை. நடையின் ஒழுங்கு செய்தியின் உண்மைக்குச் சான்றாகாது.

இரத்தசோகை: ஓர் எடுத்துக்காட்டு

இப்பிரச்சினையின் தன்மையை விளக்க இரத்தசோகை நல்ல எடுத்துக்காட்டாகும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59.1 சதவீதத்தினரும் ஆண்களில் 31.1 சதவீதத்தினரும் இரத்தசோகை உடையவர்கள். கல்லூரியில் சேரும் மாணவிகளில் எத்தனை பேர் இக்குறையுடன் நுழைகின்றனர் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். களைப்பு, கவனக் குறைவு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல் ஆகியவற்றைப் பலர் படிப்புச் சுமையின் விளைவு என்றே எண்ணிவிடுகின்றனர்.

இத்தகைய மாணவி ஒருவர் 'களைப்பு நீங்க வழி' என்று இணையத்தில் தேடினால், பீட்ரூட் சாறு, பேரீச்சம்பழம், விலையுயர்ந்த சத்துப் பானங்கள் எனப் பல பரிந்துரைகள் வரும். பீட்ரூட்டின் சிவப்பு நிறத்துக்கும் இரத்தத்தின் நிறத்துக்கும் எத்தொடர்பும் இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் உள்ள இரும்புச்சத்து ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவினதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி வயதுவந்த பெண்ணுக்கு நாள்தோறும் உணவில் தேவைப்படும் இரும்புச்சத்து 29 மில்லிகிராம். ஆகவே பீட்ரூட்டை உண்பதில் தவறில்லை. அதையே மருந்தாக நம்பிக் காத்திருப்பதுதான் தவறு.

செய்ய வேண்டியது எளிய இரத்தப் பரிசோதனையாகும். கருவுறாத வயதுவந்த பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அது இரத்தசோகை எனப்படும். குறை தெரிந்தபின் அதன் காரணத்தை மருத்துவர் ஆராய வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு, குடற்புழுக்கள், அதிக மாதவிடாய்ப் போக்கு, வைட்டமின் பி12 குறைவு, பரம்பரையாக வரும் தாலசீமியா எனக் காரணங்கள் பல. காரணம் வேறாயின் சிகிச்சையும் வேறு. உணவு முறையிலும் சில எளிய மாற்றங்கள் பயன் தரும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றை உணவுடன் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவுடனோ உணவு முடிந்த உடனேயோ தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும்.

இங்கே நிர்வாகத்தினர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாரந்தோறும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் அரசுத் திட்டம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை செயற்படுகிறது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவி, குறை நீங்காமலேயே, ஆசிரியர் முன்னிலையில் மாத்திரை பெறும் அந்த ஏற்பாட்டை விட்டு வெளியேறுகிறார். அவ்விடத்தை நிரப்ப இணையத்தின் அறிவுரைகளே முந்திக்கொள்கின்றன.

சளியும் தசையும்

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறலாம். சாதாரணச் சளி, தொண்டைவலி ஆகியவை பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருபவை. பாக்டீரியாக்களை எதிர்க்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள் இவற்றுக்குப் பயன்படா. இருந்தும், இணையத்தில் படித்ததை வைத்தும், அறைத் தோழருக்கு எழுதித் தரப்பட்ட பழைய சீட்டை வைத்தும் இம்மருந்துகளை வாங்கி உண்பவர் உண்டு. தேவையின்றி உண்பதாலும் முறையின்றி உண்பதாலும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுகின்றன. பின்னர் உண்மையான ஆபத்து நேரும்போது அதே மருந்து பலனளிக்காமற் போகிறது. மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவரின் சீட்டின்றி அதனை உட்கொள்ளக் கூடாது என்பதை மக்களுக்கு உணர்த்த 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இச்சிறு குறியீட்டின் பொருளை அறிந்திருப்பதும் சுகாதார எழுத்தறிவின் ஒரு பகுதியே.

தசை வளர்க்கும் புரதப் பொடிகள் மாணவர்களைக் கவரும் மற்றொரு பொருளாகும். வயதுவந்த ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 0.83 கிராம் புரதம் போதுமானது என்பது பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது சுமார் 50 கிராம். பருப்பு, பயறு, பால், தயிர், நிலக்கடலை, முட்டை, மீன் ஆகியவற்றைத் தக்க அளவில் உண்டாலே இத்தேவை நிறைவேறும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளும், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றன. விடுதி மாணவர் மாதந்தோறும் பொடிக்குச் செலவிடும் தொகை நல்ல உணவுக்குச் செலவிடப்பட்டால் உடலுக்கும் நன்று, பணப்பைக்கும் நன்று.

சீர்தூக்கிப் பார்க்கும் முறை

எந்தவொரு சுகாதாரச் செய்தியையும் ஏற்பதற்கு முன் மாணவர் ஐந்து கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். முதலாவது, இதைக் கூறுபவர் யார், இத்துறையில் அவருக்குள்ள தகுதி என்ன? இரண்டாவது, இதனால் யாருக்கு வருவாய்? அறிவுரையின் முடிவில் ஒரு பொருளை வாங்கும்படி கூறப்பட்டால் எச்சரிக்கை தேவை. மூன்றாவது, சான்று என்ன? ஒருவர் குணமடைந்த கதை சான்றாகாது; பலரிடம் முறையாக நடத்தப்பட்ட ஆய்வே சான்று. நான்காவது, இது எப்போது எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது? குளிர் நாட்டு மக்களுக்கு உரிய உணவு அட்டவணை வெப்ப நாட்டு மாணவருக்குப் பொருந்தாமற் போகலாம். ஐந்தாவது, தொடர்பில்லாத வேறிரு நம்பத்தக்க இடங்களிலும் இதே கருத்து காணப்படுகிறதா? உலகச் சுகாதார நிறுவனம், மத்திய மாநில அரசுகளின் சுகாதாரத் துறைகள், மருத்துவக் கல்லூரிகள் ஆகியவற்றின் வெளியீடுகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய வழி.

'முழுமையாகக் குணம்', 'பக்க விளைவே இல்லை', 'மருத்துவர்கள் மறைக்கும் இரகசியம்' போன்ற சொற்கள் செய்தியில் காணப்பட்டால் அதனை ஐயத்துடன் நோக்குவதே நலம். உடல்நலத்தைக் கெடுக்கும் விளம்பரங்களைத் தடுக்கச் சட்டமும் உண்டு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், உடல் பருமன் முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாகவும், உயரத்தை வளர்ப்பதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சமூக ஊடகங்களில் பெருந்திரளானோரால் பின்தொடரப்படுவோர்க்கு 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, மருத்துவ வல்லுநர்கள் தம் தகுதியை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். ஏனையோர் தம் கருத்து மருத்துவ ஆலோசனைக்கு ஈடாகாது என்பதை அறிவிக்க வேண்டும். எனினும், நாள்தோறும் வெளிவரும் எண்ணற்ற காணொளிகளைச் சட்டம் ஒன்றால் மட்டும் கட்டுப்படுத்த இயலாது. பார்ப்பவரின் விழிப்புணர்வே முதற் காவல்.

அறிவும் பழக்கமும்

நல்ல செய்தியை அறிந்தவுடன் நல்ல பழக்கம் வந்துவிடுவதில்லை. வயதுவந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இது பலரும் அறிந்த செய்தியே. எனினும், 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்களாக இருந்தனர் என அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆண்களைவிடப் பெண்களிடையே இக்குறை மிகுதி. மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவு அடைக்கப்படும் மாணவியிடம், உடற்பயிற்சியின் நன்மையை எத்தனை முறை எடுத்துரைத்தாலும் பயன் சிறிதளவே.

உணவும் இத்தகையதே. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பதை மாணவர் படித்திருக்கலாம். ஆனால் விடுதிக் குழம்பில் உப்பின் அளவை முடிவு செய்பவர் அவரல்லர். காய்கறியும் பழமும் வேண்டுமென அவர் அறிந்திருக்கலாம். சிற்றுண்டிச்சாலையில் கிடைப்பவை எண்ணெயில் பொரித்த பண்டங்களும் இனிப்புப் பானங்களும் மட்டுமே என்றால் அவர் அவற்றையே உண்பார். உறக்கமும் அவ்வாறே. ஏழு மணி நேரத் தூக்கம் தேவை என்று கூறும் அதே கைப்பேசிதான் நள்ளிரவு கடந்தும் அவரை விழித்திருக்கச் செய்கிறது. ஆகவே, பழக்கம் என்பது தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் சார்ந்ததன்று. அவரைச் சூழ்ந்துள்ள ஏற்பாடுகளையும் சார்ந்தது.

மனநலத்தைப் பொறுத்தவரை இது மேலும் உண்மை. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, மனநலப் பாதிப்புடையோரில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாமலேயே இருந்ததைக் காட்டியது. கூச்சத்தின் காரணமாக இணையத்தில் மறைவாக விடை தேடும் மாணவருக்கு முதல் உதவி அங்கேயே கிடைக்கலாம். ஆனால் அது ஒரு மனிதரிடம் அவரைக் கொண்டு சேர்க்க வேண்டும். மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். இந்த எண் ஒவ்வொரு விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் இடம்பெறுவது அவசியம்.

கல்வி நிறுவனங்களின் பொறுப்பு

பல்கலைக்கழக மானியக் குழு 2023ஆம் ஆண்டில் மாணவர்களின் உடற்தகுதி, விளையாட்டு, மனநலம் ஆகியவை பற்றிய வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் அமைக்குமாறு வலியுறுத்தியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகரை நியமிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் நெறி வகுத்தது. இவற்றைச் செயற்படுத்துகையில் சில நடவடிக்கைகளை மேற்கொள்ளலாம்.

சேர்க்கையின்போதே ஒவ்வொரு மாணவருக்கும் ஹீமோகுளோபின், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்து, முடிவை அவரிடம் தனிமையில் விளக்கலாம். தன் உடலைப் பற்றிய ஓர் எண்ணை அறிந்த மாணவர் இணையத்தில் தேடுவதும் தெளிவாக இருக்கும். நூலகர்கள் செய்தித் தேர்வில் பயிற்சி பெற்றவர்கள். மருத்துவ அலுவலருடன் இணைந்து அவர்கள் முதலாண்டு மாணவர்க்கு இரண்டு மூன்று வகுப்புகள் நடத்தலாம். அவ்வகுப்புகளில் உண்மையான விளம்பரங்களையும் காணொளிகளையும் கொடுத்து ஆராயச் செய்வதே சிறந்த பயிற்சி. மதிப்பீடும் அவ்வாறே அமைந்தால், தன்னம்பிக்கைக்குப் பதிலாகத் திறமை அளக்கப்படும்.

1969ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. அதன் தொண்டர்கள் தம் கல்லூரியிலும், தத்தெடுத்த கிராமங்களிலும் இப்பயிற்சியைக் கொண்டு செல்லலாம். மொழியும் முக்கியமானது. தரமான சுகாதாரச் செய்திகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே உள்ளது. தாய்மொழி வழியில் பயின்று வந்த மாணவர் தம் மொழியில் தேடும்போது தரம் குறைந்த செய்திகளே மிகுதியாகக் கிடைக்கும் நிலை மாற வேண்டும். பல்கலைக்கழகங்களின் மருத்துவ, மொழித் துறைகள் இணைந்து எளிய நடையில் நம்பத்தக்க வெளியீடுகளை உருவாக்குவது பயனுள்ள தொண்டாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடுதி உணவுப் பட்டியலை வகுக்கும் குழுவில் மாணவர்களுக்கும் இடம் வேண்டும். மாலையில் மாணவிகளுக்கும் விளையாட்டுத் திடல் திறந்திருக்க வேண்டும். குடிநீர் எளிதில் கிடைக்க வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கலாகாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையில் செயற்பட வேண்டும்.

நாளைய ஆசிரியர்களும் அலுவலர்களும் பெற்றோரும் இன்றைய மாணவர்களே. கையிலுள்ள கருவியைக் கேள்வி கேட்டுப் பயன்படுத்த அவர்கள் கற்றுக்கொண்டால், அந்தப் பழக்கம் அவர்களுடைய குடும்பங்களுக்கும் பரவும். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு மாணவியின் இரத்தசோகை கண்டறியப்பட்டுச் சரி செய்யப்படுமானால், அதன் பயன் அவருடைய படிப்பிலும், பிற்காலத்தில் அவருடைய குழந்தையின் நலத்திலும் தெரியும். அதற்குத் தேவையானவை ஒரு துளி இரத்தம், ஒரு மருத்துவரின் பத்து நிமிடம், விடுதி உணவில் சிறிது மாற்றம் ஆகியவையே. இவற்றை அளிப்பது எந்தக் கல்வி நிறுவனத்தின் சக்திக்கும் அப்பாற்பட்டதன்று.